ரதியின் மீசையும் அந்தோனியார் பல்பும்

எங்கள் தேயிலைப் பெக்டரியில் எலக்ட்ரிக் வேலை பார்க்கிற கரண்டு பாஸ் இக்னேசியஸ் பொய் சொல்ல மாட்டான் என்று எவனாவது சொன்னால், அவன் ஒன்று தோட்டத்துக்குப் புதிது, இல்லையென்றால் இக்னேசியஸைவிடப் பெரிய புளுகன். நான் அதே பெக்டரியில் டிரையருக்கு இலை போடுகிறவன். பெயர் செல்லசாமி. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அவன் சொன்ன பொய்களில் பாதிக்குச் சாட்சி சொன்னவனே நான்தான்.

ஆள் ஒல்லி. இடுப்பு சிறுத்து, கண் பெரிதாக, கழுத்து நீளமாக இருப்பான். ஆண்பிள்ளை என்று அடையாளம் சொல்ல அந்த முகத்தில் இருந்தது மீசை ஒன்றுதான். அதைக் காலையும் மாலையும் சீவுவான். சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில். ஒரு பியூஸ் போனால் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டான். மகாவலியில் தண்ணீர் விழும் இடத்திலிருந்து தொடங்கி, கரண்டு எந்த மலையில் ஏறி எந்தப் பள்ளத்தில் இறங்கி வருகிறது என்று சொல்லி முடிக்கும்போது வீட்டுக்காரர்கள் இருட்டிலேயே சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள்.

அவன் மனைவி டோரீன் நேரெதிர். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பொகவந்தலாவையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டுப் பிள்ளை. தவக்காலத்தில் மாதா கோயிலில் ஆண்டவரின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடுவார்களே, பசான், அதை டோரீன் எடுத்தால் எங்கள் இந்து ஆட்கள்கூடக் கோயிலுக்கு வெளியே மதில் ஓரமாக நின்று கேட்பார்கள். வீட்டில் அந்தோனியார் படத்துக்கு முன்னால் ஒரு சின்னக் குண்டு பல்பு இரவும் பகலும் எரியும். புது பல்பு மாட்டலாம், கரண்டு மிச்சம் என்று இக்னேசியஸ் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

அந்தப் பல்புதான் இந்தக் கதைக்கே வில்லங்கம்.

எங்கள் பெக்டரியின் பெரிய டிரையர் விறகில் ஓடுவது. சில வருசத்துக்கு முன்னால் வெள்ளைத் தேயிலை போடுகிறோம் என்று, மொட்டை மட்டும் கிள்ளி உலர்த்துவதற்கு ஒரு சின்னக் கரண்டு டிரையர் வாங்கினார்கள். அலுமாரி மாதிரி இருக்கும். உள்ளே தடித்த சூட்டுக் கம்பிகள். அந்தக் கம்பிகளுக்குக் கரண்டை அளந்து விடுவதற்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, தைரிஸ்டர் பெட்டி. கையகலம்தான் இருக்கும், ஆனால் இக்னேசியஸ் அதைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்தான்.

அது வேலை செய்வதற்கு இரண்டு வழி உண்டு. தண்ணீர்ப் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்பை முழுதாகத் திறந்து கொஞ்ச நேரம் விட்டு, முழுதாக மூடி கொஞ்ச நேரம் நிறுத்தலாம். அது ஒரு வழி. எப்போதும் அரைகுறையாகத் திறந்தே வைத்திருக்கலாம். அது இன்னொரு வழி. பெட்டிக்குள்ளே நகத்தளவு சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை இப்படித் தள்ளினால் முதல் வழி, அப்படித் தள்ளினால் இரண்டாவது.

முதலில் இரண்டாவது வழியில்தான் ஓட்டினார்கள். அதில் விளக்குகள் அசையாது. ஆனால் கரண்டில் ஒரு கரகரப்பு கலந்துவிடும், அதை ரேடியோவும் ஸ்பீக்கரும் பிடித்துக்கொண்டு கொர்ரென்று இரையும். பெக்டரியை மேய்க்கிற டீமேக்கர் ஐயா கிரிக்கெட் கேட்கிறவர். ரேடியோவில் யார் அடித்தார்கள், யார் அவுட் என்று ஒன்றுமே விளங்கவில்லை என்று கத்தினார். இக்னேசியஸ் சுவிட்சை முதல் வழிக்குத் தள்ளினான். ரேடியோ சுத்தமானது. ஆனால் பெக்டரிக்கும் லயத்துக்கும் ஒரே டிரான்ஸ்போமர் என்பதால், கம்பிகள் கரண்டை இழுக்கிறபோதெல்லாம் லயத்து விளக்குகள் மங்கி, விடுகிறபோது தெளிந்தன. டிரையர் ஓடினால் போதும், வரிசை முழுக்க மினுக் மினுக்கென்று கண்ணடிக்கும். அந்தோனியார் பல்பு எல்லாவற்றையும்விட நன்றாக மினுக்கும்.

அந்த வருசம்தான் டோரீனுக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் போட்டார்கள். மூச்சு வாங்க முடியவில்லை. டாக்டர்மார் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாசி மாதம். இக்னேசியஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்தான். வழியில் எங்கள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிக்கொண்டிருந்தோம். காமன் கூத்து தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தவத்தில் இருந்த சிவன் மேல் மன்மதன் அம்பு விடுவான், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிப்பார், ரதி புருசனுக்காக அழுது மன்றாடி அவனைத் திரும்ப வாங்குவாள். ரதி வேசமும் ஆண்தான் கட்டுவான். எங்கள் கூத்துக்கு மாஸ்டர் மூக்கன் அண்ணன், சிவனும் அவர்தான். நான் மன்மதன். சிரிக்க வேண்டாம், அப்போது எனக்கு இவ்வளவு தொப்பை இல்லை.

அந்த வருசம் ரதிக்கு ஆள் இல்லை. கட்டிக்கொண்டிருந்த திலக்ஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். மீசையை எடுக்க எவனும் சம்மதிக்கவில்லை. நாங்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கும்போது இக்னேசியஸ் வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது. டோரீன் பிழைத்தால் மூன்று வருசம் தான் ரதி கட்டுவதாக நேர்ந்துகொண்டான். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றியாகிவிட்டதே என்று யாரோ கேட்டதற்கு, அவரும் பார்க்கட்டும், இவரும் பார்க்கட்டும் என்றான். மூக்கன் அண்ணன் மட்டும் ஒன்று சொன்னார்.

"பாஸ், வெளையாட்டு இல்ல. மூணு வருசமும் முழுசா கட்டணும். ரதி அழுகை நடுவுல அறுந்துச்சுன்னா நேர்த்தியும் அறுந்துரும். எந்த உசுருக்கு வேண்டினீங்களோ, அந்த உசுருக்கு ஆகாது."

டோரீன் பிழைத்து வந்தாள். இக்னேசியஸுக்கு இப்போது இரண்டு பயம். நேர்த்தி அறுந்தால் அவள் உயிர் போகும். நேர்த்தி தெரிந்தால் அவளே போய்விடுவாள். உபதேசியார் மகளின் உயிரைக் காமனிடம் பிச்சை கேட்டான் என்று தெரிந்தால் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். காமன் கூத்தைப் பற்றி அவள் வாயில் வந்த ஒரே நல்ல வார்த்தை, ஆம்பளைங்க சேலை கட்டி அழுறாங்க, அதையாச்சும் பாக்க முடியுது என்பதுதான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, இவன் இரண்டு காலும் சேலைக்குள்ளே.

அப்போதுதான் பல்பு உதவிக்கு வந்தது. கூத்துக்குப் பழகுகிற நாட்களில் இக்னேசியஸ் வேலை முடிந்த பிறகும் வெற்று டிரையரைக் குறைந்த சூட்டில் ஓட விட்டுவிட்டு வருவான். காவல்காரர் வீரய்யா அதற்குப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டு பார்த்துக்கொள்வார். வீட்டில் அந்தோனியார் பல்பு மினுக்கும். மினுக்கினால் டிரையர் ஓடுகிறது, டிரையர் ஓடினால் புருசன் அங்கே காவல் இருக்கிறான். டோரீன் கேட்காமலேயே பல்பு பொய் சொல்லும். கம்பெனிக்குக் கரண்டு பில் எவ்வளவு எகிறியதோ, அதைக் கேட்காதீர்கள்.

கவுச்சி தின்னாமல் விரதம் இருப்பதற்குப் பொய்யே வேண்டியிருக்கவில்லை. தவக்காலமும் மாசியும் ஒட்டியே வந்ததால் டோரீனே மரக்கறி ஆக்கிப் போட்டாள். மீசைக்குத்தான் திண்டாட்டம். முதல் வருசம் மீசையில்லாமல் வீட்டுக்குப் போய், டிரையர் கதவைத் திறந்தபோது அனல் அடித்துப் பொசுங்கிவிட்டது என்றான். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். நானும் பொசுங்கிய நாற்றம் பெக்டரி முழுக்க அடித்தது என்று சொன்னேன். இரண்டாம் வருசம், வெளிநாட்டிலிருந்து பரிசோதனைக்கு வருகிறார்கள், தேயிலையில் மயிர் விழக்கூடாதாம் என்றான். அப்படியென்றால் செல்லசாமி அண்ணனுக்கு மட்டும் எப்படி மீசை இருக்கிறது என்று டோரீன் கேட்டாள். எனக்குத் தொண்டையில் இருமல் வந்தது. மூன்றாம் வருசம் ஆண்டவருக்காக மீசையை ஒறுத்துத் துறந்துவிட்டேன் என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டான். பாவி. அவள் சோற்றைப் போட்டாள்.

மூன்றாம் வருசம்தான் கடைசி. கெட்டநேரம் பாருங்கள், அந்த மாசியிலேதான் லயத்துச் சனம் விளக்கு மினுக்குவதைப் பற்றிக் கொதித்துப் போனது. எல்லாரையும்விட அதிகம் கத்தியது என் வீட்டுக்காரி காளியாயி. நாடகம் பார்க்கிற நேரத்தில் டீவி மூஞ்சி கோணுகிறது என்று தோட்டத்து மேனேஜர் தொரையிடமே போய்ச் சொல்லிவிட்டாள். டீமேக்கர் ஐயா இக்னேசியஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். சுவிட்சைத் தள்ளினால் ஒரு நொடி வேலை. இவன் என்ன செய்தான்? பனி இறங்கும்போது கம்பி சுருங்குகிறது, அதனால் கரண்டு திக்குகிறது, சித்திரை வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று அளந்தான். டீமேக்கர் ஐயா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியை விற்ற கொழும்புக் கம்பெனிக்கு போன் அடித்தார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். வரச் சொன்ன நாள் கூத்துக்குக் கடைசி நாள்.

காலையிலிருந்து இக்னேசியஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் வந்தால் ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம் என்று கணக்கு. பின்னேரம் வரைக்கும் யாரும் வரவில்லை. இனி எங்கே வரப்போகிறார்கள் என்று டிரையரை வெறுமனே ஓடவிட்டு, வீரய்யாவிடம் சொல்லிவிட்டு, பொட்டலுக்கு வந்து மஞ்சள் பூச உட்கார்ந்தான்.

பாதையில் மரம் விழுந்து பஸ் தாமதமாகியிருக்கிறது. அந்தியில் வந்து சேர்ந்தது தனுஜா என்று ஓர் இன்ஜினியர் பிள்ளை. கொட்டகலைப் பிள்ளை. பெக்டரியில் நடந்ததை வீரய்யா பிறகு எங்களிடம் சொன்னார். அந்தப் பிள்ளை டிரையர் கதவைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லையே, ஏன் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறாள். பாஸ் சூடாக்கி வைக்கச் சொன்னார் என்று இவர் முழித்திருக்கிறார். பெட்டி மூடியைக் கழற்றினாள், சுவிட்சைப் பார்த்தாள், சிரித்தாள். யாரோ வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள் தாத்தா என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வழிக்குத் தள்ளிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டாள். லயத்து விளக்கெல்லாம் ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தன. காளியாயி சாமி கும்பிட்டாளாம்.

பொட்டலில் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு எல்லாரும் போகவேண்டும் என்பதால் எங்கள் கூத்தைப் பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடுவோம். நான் அம்பு விட்டேன். மூக்கன் அண்ணன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். வைக்கோலில் தீ பிடித்ததும் நான் விழுந்து செத்தேன். தப்பு மேளம் நின்றது. இக்னேசியஸ் சவுரிமுடியை விரித்துக்கொண்டு வந்து, என் தலைமாட்டில் மண்டியிட்டு, மைக்கைப் பிடித்து அழ ஆரம்பித்தான்.

ஒன்று சொல்லவேண்டும். வேறு எந்தத் தோட்டத்து ரதியும் அப்படி அழமாட்டாள். அந்த ராகம் எங்கள் கூத்து ராகமே இல்லை. டோரீனின் பசான் ராகம். வருசா வருசம் வீட்டில் அவள் பழகும்போது கேட்டுக் கேட்டு அவனுக்கு ஊறிப்போயிருந்தது. சனம் மூக்கைச் சிந்தத் தொடங்கியது. செத்துக் கிடந்த எனக்கே கண்ணீர் வந்தது.

அப்போது, லயத்துக் கரண்டில் ஓடிய ஸ்பீக்கர் கொர்ரென்று இரைந்தது.

நான் மைக் கோளாறு என்றுதான் நினைத்தேன். இக்னேசியஸ் அழுகிற சாக்கில் என் நெஞ்சு மேலே கவிழ்ந்தான்.

"மச்சான், பொட்டிய மாத்திட்டாங்க."

"அழு," என்றேன் உதடு அசையாமல்.

"பல்பு மினுக்காது மச்சான். டோரீன் தேடி வந்துருவா."

"அப்ப இன்னும் நல்லா அழு."

இரைச்சல் அழுகையைவிடப் பெரிதாகிவிட்டது. மூக்கன் அண்ணன் சைகை காட்டி ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். இக்னேசியஸ் வெறும் தொண்டையில் நெடுநேரம் பாடினான். அப்படியே முடித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் சனம் சலசலத்து விலகுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன்.

டோரீன். காலில் செருப்பு இல்லை. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. கையில் டோர்ச் எரிந்தபடியே இருந்தது, அணைக்கக்கூடத் தோன்றவில்லை. ஓடி வந்த மூச்சு பொட்டல் முழுக்கக் கேட்டது. இக்னேசியஸ் அவளைப் பார்த்தான். மஞ்சள் பூசிய முகம், உதட்டில் சிவப்பு, என் மதினியின் சேலை. வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் வரவில்லை. அழுகை அறுந்துவிட்டது.

எந்த உயிருக்காக மூன்று வருசம் பொய் சொன்னானோ, அந்த உயிர் முன்னால் வந்து நிற்கிறது, அதைப் பார்த்ததாலேயே இவன் தொண்டை அடைத்துவிட்டது. மூக்கன் அண்ணன் சூலத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். எழுந்து அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் என்றால் நான் பிணம். இப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை.

டோரீன் கிட்டே வந்தாள். அவன் தோளைத் தொட்டாள், கையைத் தொட்டாள், விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தொப்பென்று என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையில் கையை வைத்து, அந்தப் பெரிய வெள்ளிக்கிழமைப் பசான் குரலில் எடுத்தாள்.

"மூச்சு இருக்கா இல்லையான்னு
முச்சூடும் தேடி வந்தேன்
முகத்தக் காட்டி நிக்கிறீங்க
முழிச்சு ஒரு சொல் பேசுங்களே..."

கூத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. அவள் அந்த இடத்தில் கட்டினாள். அடித்துக்கொண்டது மட்டும் தன் நெஞ்சை அல்ல, என் நெஞ்சை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடி. மன்மதன் உண்மையாகவே செத்திருப்பான். இரண்டாவது அடியில் இக்னேசியஸின் தொண்டை திறந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அப்படி ஓர் அழுகையை எங்கள் பொட்டல் கண்டதில்லை. ஸ்பீக்கர் இல்லாமலே அது கீழ்க்கணக்கு லயங்கள் வரைக்கும் கேட்டது. மூக்கன் அண்ணன் மனம் இரங்கினார், நான் எழுந்தேன், தப்பு முழங்கியது. நேர்த்தி முடிந்தது.

வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டில் நாங்கள் மூன்று பேர். முன்னால் டோர்ச்சோடு டோரீன், நடுவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இக்னேசியஸ், பின்னால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நான். பாதி வழியில் அவன் தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆஸ்பத்திரி, கம்பம், மூன்று வருசம், எல்லாம். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் பொகவந்தலாவை பஸ்ஸை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவளே நின்றாள்.

"மொதல் வருசமே தெரியும். மீசை பொசுங்குனா ஒதடு பொசுங்காதா? சட்டைக் காலர்ல மஞ்சளு. எதுக்கு ஆடுறீங்கன்னு மட்டும் தெரியாது. ஆசைக்கு ஆடுறாருன்னு விட்டுட்டேன்."

தெரிந்துமா இன்றைக்குத் தேடி வந்தாய் என்று அவன் கேட்டான். அந்தக் கேள்விக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது, இந்தமுறை பாட்டு இல்லாத அழுகை.

"நீங்க கூத்துக்குப் போற நாள்லதான் அந்தோனியார் பல்பு இருட்டுன பொறவும் மினுக்கும். இன்னைக்குக் கடைசி நாளு, மினுக்குனது பட்டுன்னு நின்னுபோச்சு. அப்ப நீங்க கூத்துக்குப் போகல, பொட்டிக்குள்ள கைய விட்டு கரண்டு அடிச்சு எங்கயோ விழுந்து கெடக்கீங்கன்னு நெனச்சேன். பெக்டரிக்கு ஓடுனேன். வீரய்யா தாத்தா என்னப் பாத்ததும் ஒளிஞ்சுக்கிட்டாரு. அதப் பாத்துட்டு உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டாங்கன்னே முடிவு பண்ணிட்டேன். யாருகிட்டயாவது கேப்போம்னுதான் பொட்டலுக்கு ஓடியாந்தேன்."

இக்னேசியஸ் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைக்கப் போனான். மஞ்சளை அப்பாதீங்க என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு அவளே அந்தத் தலைப்பைப் பிடித்துத் துடைத்துக்கொண்டாள். காமனைப் பற்றி அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் என்ன சொன்னாளோ, அது அவளுக்கும் அந்தோனியாருக்கும் இடையில். வீட்டு வாசலில் செருப்பில்லாத காலைக் கழுவிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"காலையில அந்தப் பொட்டிய பழையபடி மாத்தி வைங்க."

"லயமே திட்டும் டோரீன். காளியாயி அக்கா என்னக் கொன்னுரும்."

"திட்டட்டும். அது மினுக்குனாத்தான் நீங்க எங்கயோ நல்லா இருந்துக்கிட்டு எனக்குப் பொய் சொல்றீங்கன்னு அர்த்தம். எனக்கு அது போதும்."

இப்போது எங்கள் லயத்து விளக்குகள் மறுபடியும் மினுக்குகின்றன. டீமேக்கர் ஐயா கேட்டதற்கு, கொழும்புக் கம்பெனிப் பிள்ளை செய்தது சமவெளிக்குத்தான் சரி, மலைக்கு ஒத்துவராது என்று இக்னேசியஸ் விளக்கம் கொடுத்தான். ரேடியோவில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்ததால் அவரும் விட்டுவிட்டார். காளியாயி தினமும் டீவிக்கு முன்னால் உட்கார்ந்து அவனைப் பரம்பரையோடு திட்டுகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டோரீன் பல்பைப் பார்த்துக்கொண்டு சோறு வடிக்கிற சத்தம் கேட்கும். இக்னேசியஸ் எங்கே என்று என்னைக் கேட்டால், டிரையரில் காவல் இருக்கிறான் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.